மீட்டாயிற்று, அப்புறம்? ஆள்கடத்தல் வழக்குகள் முதல் நாளிலேயே நழுவுவது எப்படி

செங்குன்றம் அரிசி ஆலை, திருவள்ளூர் செங்கல் சூளை, சௌகார்பேட்டை பக்கம் பை தைக்கும் பட்டறை, மியான்மர் எல்லையில் டேட்டா என்ட்ரி வேலை என்று சொல்லி அழைத்துப்போன ஒரு வளாகம். இந்த இடங்களிலிருந்து ஆட்கள் மீட்கப்பட்டதாகச் சென்னைப் பதிப்புகளில் அவ்வப்போது செய்தி வருகிறது. எத்தனை பேர், எந்த ஊர்க்காரர்கள், எந்த அதிகாரி தலைமையில் சோதனை என்பதெல்லாம் அதில் இருக்கும். எந்தப் பிரிவில் வழக்கு, புலன்விசாரணை யார் கையில், மூன்று வருடம் கழித்து அந்த வழக்கு என்ன ஆனது என்பது பெரும்பாலும் இருக்காது.

ஒரே சம்பவத்துக்கு நான்கைந்து சட்டங்கள் பொருந்தும் துறை இது. அதிகாரி எந்தப் பிரிவை எழுதுகிறார் என்பதைப் பொறுத்து முதலாளிக்கு 3 ஆண்டும் கிடைக்கலாம், 10 ஆண்டும் கிடைக்கலாம். மீட்கப்பட்டவர் கையில் விடுதலைச் சான்றிதழும் இருக்கலாம், வெறும் ரயில் டிக்கெட்டும் இருக்கலாம். அதில் பெரும்பகுதி முதல் 24 மணி நேரத்துக் காகித வேலையிலேயே முடிவாகிவிடுகிறது.

எது ஆள்கடத்தல், எது இல்லை

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவுதான் இப்போது மையச் சட்டம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 370-வது பிரிவு. டெல்லி நிர்பயா சம்பவத்துக்குப் பின் அமைந்த நீதிபதி வர்மா குழுவின் பரிந்துரைகளையொட்டி 2013-ல் முழுமையாகத் திருத்தி எழுதப்பட்டது. குற்றம் நிற்க மூன்று அம்சங்கள் வேண்டும்.

1. செயல்: ஆளை வேலைக்குச் சேர்ப்பது, ஊர் விட்டு ஊர் கொண்டுபோவது, தங்க வைப்பது, இன்னொருவரிடம் ஒப்படைப்பது, ஒப்படைத்தவரை ஏற்றுக்கொள்வது. இவற்றில் ஒன்று போதும்.
2. வழி: மிரட்டல், பலாத்காரம், ஆளைத் தூக்கிப்போவது, மோசடி, அதிகார துஷ்பிரயோகம், ஆசை காட்டுதல். அந்த ஆளின்மேல் அதிகாரம் உள்ள ஒருவருக்குப் பணம் கொடுத்துச் சம்மதம் வாங்குவதும் இதில் சேரும்.
3. நோக்கம்: பாலியல் சுரண்டல், உடல் சுரண்டல், அடிமைத்தனம், பிச்சையெடுக்க வைப்பது, உடலுறுப்பைப் பறிப்பது.

செய்திகளில் வரும் குழப்பங்களை இந்த மூன்றையும் வைத்தே தீர்த்துக்கொள்ளலாம். பணம் பறிப்பதற்காகப் பிள்ளையைத் தூக்கிப்போவது கடத்தல் குற்றம், ஆனால் 143-வது பிரிவுக்குள் வராது, ஏனென்றால் அங்கே சுரண்டும் நோக்கம் இல்லை. படகுக்காரருக்குப் பணம் கொடுத்து ஆஸ்திரேலியாவுக்குக் கள்ளத்தனமாகப் போவது குடியேற்றச் சட்ட மீறல். கரை இறங்கியதும் இருவருக்கும் கணக்கு முடிந்துவிடுகிறது. இறக்கிவிட்டவரே 'இன்னும் பணம் பாக்கி' என்று சொல்லி ஓர் ஓட்டல் சமையலறையில் பூட்டிவைத்தால் அது ஆள்கடத்தலாக மாறுகிறது. எல்லை தாண்டியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மாவட்டத்துக்குள்ளேயே நடந்தாலும் குற்றம்தான்.

'அவங்களா விரும்பித்தானே வந்தாங்க' என்பது எல்லா வழக்கிலும் எழும் வாதம். பிரிவின் விளக்கத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது: குற்றத்தைத் தீர்மானிப்பதில் பாதிக்கப்பட்டவரின் சம்மதத்துக்கு இடமில்லை. ஐ.நா.வின் 2000-ஆம் ஆண்டு பலெர்மோ நெறிமுறையை இந்தியா 2011-ல் ஏற்று உறுதி செய்தது. குழந்தை என்றால் இரண்டாவது அம்சமான 'வழி'யை நிரூபிக்க வேண்டியதே இல்லை என்கிறது அந்த நெறிமுறை. நம் சட்டத்தில் அப்படி வெளிப்படையான வரி கிடையாது. அதனால் குழந்தை வழக்கிலும், பெற்றோருக்கு எவ்வளவு முன்பணம் போனது, யார் கொடுத்தார் என்பதை எஃப்ஐஆரில் எழுதியே ஆக வேண்டும்.

பிரிவு மாறினால் தண்டனை எவ்வளவு மாறும்

143-வது பிரிவில் ஒருவரைக் கடத்தினால் 7 முதல் 10 ஆண்டு. ஒன்றுக்கு மேற்பட்டவர் என்றாலோ, ஒரு குழந்தை என்றாலோ 10 ஆண்டு முதல் ஆயுள். ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் என்றால் 14 ஆண்டு முதல் ஆயுள். அரசு ஊழியரோ காவலரோ உடந்தை என்றால் சாகும் வரை சிறை. கடத்தி வரப்பட்டவர் என்று தெரிந்தே பாலியல் சுரண்டலுக்கு உட்படுத்துபவருக்கு 144-வது பிரிவு: குழந்தை என்றால் 5 முதல் 10 ஆண்டு, பெரியவர் என்றால் 3 முதல் 7.

மற்ற சட்டங்கள் இதற்குப் பக்கத்திலேயே வராது. 1976-ஆம் ஆண்டு கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தில் அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, 2,000 ரூபாய் அபராதம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 6 மாதம் முதல் 2 ஆண்டு, அபராதம் 20,000 முதல் 50,000 வரை. ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டத்தில் பாலியல் தொழில் விடுதி நடத்தியதற்கு முதல் முறை 1 முதல் 3 ஆண்டு. அரை நூற்றாண்டுக்கு முன் நிர்ணயித்த அந்த 2,000 ரூபாய் இன்னும் அப்படியே இருக்கிறது. ஒரு லோடு செங்கல்கூட அந்தக் காசுக்கு வராது.

ஆகவே மேற்சொன்ன சட்டம் ஏதேனும் ஒன்றோடு 143-ஐயும் சேர்த்து எழுத வேண்டும். மீட்கப்பட்டவர்கள் இருளர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கொத்தடிமைப் பிரிவும் சேர வேண்டும், ஏனென்றால் அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் இருப்பவர்கள். அது சேர்ந்தால் புலன்விசாரணை குறைந்தது டி.எஸ்.பி. நிலை அதிகாரிக்கு, மாநகரில் என்றால் உதவி ஆணையருக்குப் போகும்; தனி நிவாரணத் தொகையும் உண்டு. சேர்க்காமல் விடுவது பல சமயம் மறதியால் அல்ல. பிரிவு கனமாக இருந்தால் விசாரணை அதிகாரியின் வேலையும் கனக்கும் என்பதுதான் காரணம்.

சூளையும் ஆலையும்: முன்பணக் கணக்கு

சென்னையைச் சுற்றிக் கொத்தடிமை முறை அதிகம் பேசப்படும் இடங்கள் மூன்று: செங்கல் சூளை, அரிசி ஆலை, சவுக்கு மரம் வெட்டும் தோப்பு. திருவள்ளூர் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஆலைகளிலும் தோப்புகளிலும் இருளர் குடும்பங்கள் அதிகம். இது ஏதோ ஓரிரு இடத்து விவகாரம் என்று நினைக்க வேண்டாம். 1995-ல் உச்ச நீதிமன்றம் நியமித்த குழு தமிழ்நாட்டில் 29 தொழில்களில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாக அறிக்கை தந்தது. மாநில அரசு அதை ஏற்கவில்லை.

முதலாளி யாரையும் சங்கிலியில் கட்டுவதில்லை. நோட்டில் எழுதும் கணக்குதான் கட்டு. அது எப்படி நடக்கும் என்பதை ஓர் உத்தேசக் கணக்கில் பார்க்கலாம்.

கணவனும் மனைவியும், சூளைக்கு ஆள் சேர்த்து அனுப்பும் தரகரான மேஸ்திரியிடம் 50,000 ரூபாய் முன்பணம் வாங்குகிறார்கள். ஆயிரம் கல் அறுத்தால் 700 ரூபாய் என்று பேச்சு. இருவரும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஆயிரம் கல், வாரம் ஆறு நாள். வாரக் கூலி 4,200. அதில் 1,200 ரூபாயை அரிசி பருப்புச் செலவுக்குக் கையில் கொடுத்துவிட்டு, மீதி 3,000 'கணக்கில் கழித்துக்கொள்கிறேன்' என்கிறார் முதலாளி. காகிதத்தில் 17 வாரத்தில் கடன் தீர்ந்துவிட வேண்டும். நடப்பது வேறு. மழையில் கரைந்த பச்சைக்கல்லுக்குக் கூலி இல்லை. சூளையில் வெடித்த கல்லைக் கழிக்கிறார்கள். மேஸ்திரி கமிஷன் தனி. குழந்தைக்குக் காய்ச்சல் என்று கொடுத்த 500 ரூபாய் நோட்டில் எவ்வளவாக ஏறியது என்று எழுதியவருக்குத்தான் தெரியும். சீசன் முடியும்போது 'இன்னும் 18,000 பாக்கி, அடுத்த வருஷமும் வந்துடுங்க' என்கிறது நோட்டு.

அந்த 4,200-ஐ இருவரின் 12 ஆள்நாளுக்குப் பிரித்தால் தலைக்கு 350 ரூபாய். விடிவதற்கு முன் தொடங்கி இருட்டும் வரை வேலை, பிள்ளைகள் கல்லைப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள் என்றால் உண்மைக் கூலி இன்னும் கீழே போகும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982-ல், டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லிவிட்டது. 1984-ல் இன்னொரு படி மேலே போனது: கட்டாயப்படுத்தி வேலை வாங்கியது தெரிந்தால், முன்பணத்துக்காகத்தான் அது நடந்தது என்றே அனுமானிக்க வேண்டும், இல்லை என்று காட்ட வேண்டியது முதலாளி.

சட்டப்படி கடன் மட்டும் போதாது. கடனோடு கீழ்க்கண்டவற்றில் ஒன்று சேர்ந்தால் கொத்தடிமை:

1. கூலி இல்லை, அல்லது பெயருக்குக் கூலி.
2. வேறு இடத்தில் வேலை செய்ய முடியாது.
3. விருப்பப்படி வெளியே போய்வர முடியாது.
4. தன் உழைப்பையோ பொருளையோ சந்தை விலைக்கு விற்க முடியாது.

இதைத் தீர்மானிப்பவர் காவல்துறை அல்ல, வருவாய்த்துறை. மாவட்ட ஆட்சியர் சார்பில் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் விசாரித்து விடுதலைச் சான்றிதழ் கொடுக்கிறார். சோதனை சொதப்புவது பெரும்பாலும் இந்த விசாரணையில்தான். முதலாளியும் மேஸ்திரியும் பத்தடி தூரத்தில் நிற்க, 'நீங்க கொத்தடிமையா?' என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். அந்தச் சொல்லே பலருக்குப் புதிது. 'சம்பளம் ஒழுங்கா கொடுக்கிறாங்களா' என்று கேட்டால் 'வாரா வாரம் கொடுக்கிறாங்க சார்' என்ற பதில் வரும். கோப்பில் 'முறையாகக் கூலி வழங்கப்படுகிறது' என்று ஏறிவிடும்.

விவரம் தெரிந்த அதிகாரி வேறு மாதிரி கேட்பார். முன்பணம் எவ்வளவு, யார் கையில் வாங்கினீர்கள்? வாரம் கைக்கு எவ்வளவு வருகிறது? பாக்கி எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியுமா? ஊரில் சாவு விழுந்தால் எல்லோரும் போக முடியுமா, ஒருவரை இங்கே விட்டுவிட்டுத்தான் போக வேண்டுமா? பக்கத்துச் சூளையில் அதிகம் கொடுத்தால் போவீர்களா, போனால் என்ன ஆகும்? குடும்பத்தில் ஒருவரை நிறுத்திவைப்பது சூளைகளில் சாதாரணம். நடமாட்டச் சுதந்திரம் இல்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடையாது. ஒடிசாக்காரர்களிடம் இந்தக் கேள்விகளைக் கேட்க மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அந்த வேலையை மேஸ்திரியே பார்த்தால் விசாரணை அங்கேயே முடிந்தது.

சான்றிதழ் தலைக்கு ஒன்று. குடும்பத்துக்கு ஒன்று என்று குடும்பத் தலைவர் பெயரில் மட்டும் கொடுத்தால் மனைவிக்கும் பிள்ளைக்கும் சேர வேண்டிய பணம் போயிற்று. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் ஆண் தொழிலாளிக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல் போன்ற கொடுமைகளுக்கு ஆளானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் திருநங்கைகளுக்கும் 3 லட்சம். உடனடி உதவி அதிகபட்சம் 30,000 ரூபாய். இதற்கு வழக்கின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பெரிய தொகையோ முதலாளி தண்டிக்கப்படுவதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வழக்கு நடக்கும் வேகத்தை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் புரியும்: அந்த ஒன்றோ மூன்றோ லட்சம் பெரும்பாலோருக்குக் கோப்பில்தான் இருக்கிறது. கையில் காசில்லாத குடும்பம் அடுத்த சீசனுக்கு முன்பணம் வாங்காமல் என்ன செய்யும்? தண்டனை அரசுத் தரப்பின் பொறுப்பு. அது தவறினால் தொழிலாளிக்குப் பணம் இல்லை என்ற இந்த நிபந்தனைதான் திட்டத்தின் பெரிய ஓட்டை.

'முன்பணம் வாங்கிக்கிட்டு ஓடிட்டாங்க' என்று முதலாளி எதிர்ப்புகார் கொடுப்பதும் வழக்கம். கொத்தடிமைக் கடன் சட்டப்படி அழிந்துபோன கடன். அதைத் திரும்ப வாங்குவதே தனிக் குற்றம். கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் சுமையும் கடன் கொடுத்தவருடையது.

சென்ட்ரலில் இறங்கும் சிறுவர்கள்

பீகார், மேற்கு வங்கப் பக்கமிருந்து வரும் ரயில்களில் சிறுவர்களைக் கூட்டமாக அழைத்து வருவதை ரயில்வே பாதுகாப்புப் படை கண்காணிக்கிறது. இதற்கு 'ஆஹத்' என்று தனிப்பெயரில் ஒரு நடவடிக்கையே இருக்கிறது. சென்ட்ரலில் இறங்கும் ஐந்தாறு பையன்கள், கூட ஓர் ஆள், எல்லோருக்கும் ஒரே பிஎன்ஆர், அதாவது ஒரே டிக்கெட் பதிவு எண். கேட்டால் 'மாமாகூட வந்தேன், படிக்க வந்தேன்.' எந்தப் பள்ளி என்று கேட்டால் மாமாவைத் திரும்பிப் பார்ப்பான். ஆதார் அட்டையில் வயது 18-ஐத் தாண்டியிருக்கும்.

அந்த ஆதாரை வைத்து வயதை முடிவு செய்யக் கூடாது. சிறார் நீதிச் சட்டத்தின் 94-வது பிரிவு வரிசை சொல்கிறது: முதலில் பள்ளிச் சான்றிதழ், இல்லையென்றால் உள்ளாட்சி கொடுத்த பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோது மட்டுமே எலும்பு வளர்ச்சிச் சோதனை. ஆதார் பிறந்த தேதிக்குச் சான்று அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் வேறொரு வழக்கில் தெளிவாக்கியது. குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும்.

நிலையத்திலேயே பிடிபட்டால் இன்னொரு சிக்கல் உண்டு. பட்டறையில் வேலை வாங்கவே இல்லை, சுரண்டல் நடக்கவே இல்லை, பிறகு என்ன வழக்கு என்பார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். 143-வது பிரிவுக்குச் சுரண்டல் நடந்து முடிந்திருக்க வேண்டியதில்லை, நோக்கம் போதும். அந்த நோக்கத்தைக் காட்டப் பொருட்கள் வேண்டும்: டிக்கெட் எடுத்தவர் யார், எந்தக் கணக்கிலிருந்து பணம் போனது, போனில் எந்தப் பட்டறை எண்ணுக்கு அழைப்பு, பெற்றோர் கணக்கில் என்ன தொகை ஏறியது. அன்றே கைபேசியைக் கைப்பற்றாவிட்டால் மறுநாள் அதில் ஒன்றும் இருக்காது.

பட்டறையிலிருந்து மீட்கப்படும் சிறுவர்களுக்கு வேறு ஆபத்து. பத்து நாளில் ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அதற்குள் மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் வாங்கியிருக்க வேண்டும்; இப்போது அது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183-வது பிரிவு. வாங்காமல் அனுப்பினால், மூன்று வருடம் கழித்துக் கயா மாவட்டத்துக் கிராமத்துக்குச் சம்மன் போகும். பையன் அதற்குள் வேறு ஊரில் வேலைக்குப் போயிருப்பான். சாட்சி வராததால் விடுதலை. வெளிமாநிலக் குழந்தைகள் தங்கள் மாவட்ட நீதிமன்றத்திலிருந்தே காணொளியில் சாட்சி சொல்வதற்கான நடைமுறையை உச்ச நீதிமன்றம் 2022-லேயே ஏற்று உத்தரவிட்டிருக்கிறது. அரசு வழக்கறிஞர் மனுப் போட்டுக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் குறித்த 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் மறுவாழ்வு நிதிக்குக் கட்ட வேண்டும். மீட்பு நாளிலேயே நோட்டீஸ் கொடுத்தால்தான் வசூலாகும். பட்டறைகள் இடம் மாறுவதற்கு ஒரு வாரம் போதும்.

விடுதிச் சோதனைகள்

'மசாஜ் சென்டரில் சோதனை, பெண்கள் மீட்பு, மயிலாப்பூர் அரசு மகளிர் காப்பகத்தில் ஒப்படைப்பு' என்ற செய்தி மாதத்துக்குச் சில வந்துவிடும். இங்கே பயன்படுவது 1956-ஆம் ஆண்டு ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டம். நடைமுறை கறாரானது: ஆய்வாளர் நிலைக்குக் குறையாத சிறப்புக் காவல் அதிகாரி, குறைந்தது இரண்டு பெண் காவலர்கள், அக்கம்பக்கத்து மதிப்புள்ள இரண்டு சாட்சிகள், அதில் ஒருவர் பெண். பெண்களை விசாரிப்பவரும் பெண் காவலராக இருக்க வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் நீதிமன்றத்தில் முதல் குறுக்கு விசாரணையே அதைப் பிடித்துக்கொள்ளும்.

வயது வந்து, தன் விருப்பத்தில் பாலியல் தொழில் செய்பவரைச் சோதனையின்போது கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் அறிவுறுத்தியது. ஆகவே 'மீட்கப்பட்டார்' என்று எழுதப்படும் எல்லோரும் கடத்தப்பட்டவர் அல்லர். கடத்தப்பட்டவர் யார் என்பதைத் தனித்தனியாகப் பேசித்தான் அறிய முடியும். பல எஃப்ஐஆர்கள் இந்தச் சிரமத்தையே எடுத்துக்கொள்வதில்லை. விடுதி நடத்திய பிரிவை மட்டும் எழுதி முடித்துவிடுகின்றன. வேறு மாநிலத்திலிருந்து அந்தப் பெண்ணை அனுப்பியவர், வேலை என்று விளம்பரம் போட்டவர், பணம் போன கணக்கு எதுவும் வழக்குக்குள் வருவதில்லை. அறையை வாடகைக்கு எடுத்த மேனேஜர் மட்டும் உள்ளே போய் ஜாமீனில் வருகிறார்.

தரகர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது என்ற செய்தியும் வரும். 1982-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் தடுப்புக் காவல் சட்டத்தில் இந்தத் தொழில் குற்றவாளிகளும் அடங்குவர் என்பது உண்மை. ஆனால் அது அதிகபட்சம் 12 மாதம் முன்கூட்டியே அடைத்து வைப்பது. குற்றம் நிரூபணமாவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வெளிநாட்டு வேலை: பட்டதாரிக்குக் காவல் இல்லை

2022 முதல் தமிழக இளைஞர்கள் மியான்மர், கம்போடியா, லாவோஸ் இணைய மோசடி வளாகங்களில் சிக்கிய செய்திகள் வருகின்றன. 2022 அக்டோபர் தொடக்கத்தில் மியான்மரிலிருந்து தமிழர்கள் 13 பேர் சென்னை வந்து சேர்ந்தார்கள். 2025 மார்ச் 10, 11 தேதிகளில் இந்திய விமானப்படை விமானங்கள் தாய்லாந்தின் மே சோட் நகரிலிருந்து 549 இந்தியர்களை அழைத்து வந்தன. படித்த பிள்ளைகள் இதில் எப்படி மாட்டினார்கள் என்ற கேள்விக்கு விடை 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் வடிவத்திலேயே இருக்கிறது.

அந்தச் சட்டம் வளைகுடாவுக்குப் போகும் கட்டடத் தொழிலாளியை மனதில் வைத்து எழுதப்பட்டது. பத்தாம் வகுப்புத் தேறாதவருக்கு, குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். பத்தாவது தேறியவருக்கு அந்த அனுமதி தேவையே இல்லை. தாய்லாந்து அந்தப் பட்டியலில் உண்டு. கம்போடியா, லாவோஸ், மியான்மர் இல்லை. மோசடி வளாகங்களுக்கோ ஆங்கிலமும் கணினியும் தெரிந்த பட்டதாரி வேண்டும். அரசின் வடிகட்டி யாரைப் பார்க்காமல் விடுகிறதோ அவர்தான் அங்கே தேவை. அவரும் வேலை விசாவில் போவதில்லை, சுற்றுலாப் பயணியாகத்தான் பாங்காக் போகிறார். 2023 நவம்பரில் தாய்லாந்து இந்தியர்களுக்கு விசா விலக்கு அளித்த பின் அந்தச் சிரமமும் குறைந்துவிட்டது. பாங்காக்கிலிருந்து காரில் மே சோட், அங்கிருந்து மோயி ஆற்றைக் கடந்தால் மியான்மரின் மியாவாடி. அங்கே பாஸ்போர்ட் பறிபோகும். இலக்கை எட்டாவிட்டால் அபராதம், அடி. வெளியே வர ஆயிரக்கணக்கான டாலர் 'ஒப்பந்தப் பணம்' கேட்பார்கள்.

திரும்பி வந்தவரின் நிலை சட்டத்தில் இன்னும் தெளிவாகவில்லை. அவர் கடத்தப்பட்டவர். அதே நேரத்தில் அவர் கையால் இந்தியாவில் யாரோ பணம் இழந்திருக்கலாம். கட்டாயத்தின் பேரில் செய்த குற்றத்துக்கு நியாய சன்ஹிதாவின் 32-வது பிரிவு விலக்குத் தருகிறது, ஆனால் உடனடி மரண பயம் இருந்திருக்க வேண்டும் என்கிறது. மின்சார ஷாக், பட்டினி, அபராதம் ஆகியவை அந்த வரையறைக்குள் இலகுவாகப் பொருந்துவதில்லை. கடத்தப்பட்டவர் கட்டாயத்தால் செய்ததற்குத் தண்டனை இல்லை என்று நேரடியாகச் சொல்லும் பிரிவு நம்மிடம் இல்லை. 2018-ல் மக்களவை நிறைவேற்றிய ஆள்கடத்தல் மசோதா 2019-ல் காலாவதியானது. 2021-ல் வெளியான வரைவும் சட்டமாகவில்லை. இந்த இடைவெளி இருக்கும்வரை, திரும்பி வந்தவர்கள் காவல்துறைக்கு முழுக் கதையையும் சொல்லத் தயங்குவார்கள். அவர்கள் சொல்லாமல் இங்கிருக்கும் ஏஜென்ட் மீதான வழக்கும் நிற்காது.

போவதற்கு முன் பார்க்க வேண்டியவை:

1. ஏஜென்ட் பெயர் மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவாகி, பதிவு நடப்பில் இருக்கிறதா? பதிவுபெற்றவரின் 'ஆள்' என்று சொல்பவருக்குச் சட்டத்தில் இடமில்லை. துணை ஏஜென்ட் வைத்துக்கொள்ளவே அனுமதி கிடையாது.
2. கட்டண உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், மொத்தம் 35,400. ரசீது வேண்டும். லட்சத்தில் பேசினால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.
3. 'சுற்றுலா விசாவில் போங்க, அங்க போய் மாத்திக்கலாம்' என்றால் போகக் கூடாது.
4. வேலை நாடு ஒன்று, இறங்கும் விமான நிலையம் வேறு நாட்டில் என்றால் காரணம் கேட்க வேண்டும்.
5. அனுமதி தேவைப்படும் பயணம் என்றால் 10 லட்சம் ரூபாய்க்கான பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டுத் தாள் கையில் இருக்க வேண்டும். இரண்டாண்டுக்குக் கட்டணம் 275 ரூபாய்தான்.

தமிழ்நாட்டில் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே 1978 முதல் ஆள் அனுப்புகிறது. அதை முதலில் பார்க்காமல் டெலிகிராம் விளம்பரத்துக்குப் போவதுதான் வேதனை.

யார் பொறுப்பு

சென்னை மாநகரக் காவலில் ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவு மத்தியக் குற்றப்பிரிவின் கீழ் இயங்குகிறது. 2022 முதல் ஆவடியும் தாம்பரமும் தனி ஆணையரகங்கள். செங்குன்றம் ஆவடியில் வருகிறது. கோட்டாட்சியர் வருவாய்த்துறை. தொழிற்சாலை ஆய்வு தொழிலாளர் துறை. குழந்தை என்றால் குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை (முன்பு சமூகப் பாதுகாப்புத் துறை), வெளிநாடு என்றால் அயலகத் தமிழர் நலத்துறையும் மத்திய வெளியுறவு அமைச்சகமும். பல மாநிலம், பல நாடு என்றால் 2019 சட்டத்திருத்தத்துக்குப் பின் தேசியப் புலனாய்வு முகமையும் (என்ஐஏ) எடுத்துக்கொள்ளலாம். மத்திய அரசு நிர்பயா நிதியிலிருந்து 100 கோடி ரூபாய் ஒதுக்கி மாவட்டந்தோறும் தடுப்புப் பிரிவு அமைக்கச் சொன்னது. பிரிவுகள் பெயர்ப்பலகையோடு இருக்கின்றன. ஆனால் சூளையில் மீட்பு நடந்தால் எஃப்ஐஆர் உள்ளூர் ஸ்டேஷனில் பதிவாகிறது, பந்தோபஸ்து வேலைக்கு நடுவே அங்கேயே கிடக்கிறது. மேஸ்திரி ஒடிசாவில் இருப்பார். அவரைத் தேடிப் போக அந்த ஸ்டேஷனில் ஆளும் இருக்காது, பயணப்படியும் இருக்காது.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆண்டறிக்கையில் இந்தியா 2011 முதல் 'இரண்டாம் நிலை'யில் இருப்பதாக வரும் செய்தியின் பொருளும் இதுதான்: குறைந்தபட்சத் தரத்தை முழுதாக எட்டவில்லை, முயற்சி நடக்கிறது. அந்த அறிக்கையின் அரசியல் தனி விஷயம். மீட்பு எண்ணிக்கையை மட்டும் சொல்லும் நம் அறிவிப்புகளிடம் நாமே கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு: எஃப்ஐஆரில் 143 இருக்கிறதா? எத்தனை பேருக்குத் தனித்தனிச் சான்றிதழ்? உடனடி உதவியான 30,000 எத்தனை பேர் கணக்கில் ஏறியது? அனுப்பிய தரகர் குற்றவாளிப் பட்டியலில் இருக்கிறாரா?

வீட்டில் ஒருவர் சிக்கியிருந்தால்

உள்நாடு என்றால் 112. குழந்தை என்றால் 1098. பெண் என்றால் 181-ம் உண்டு. எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். 'எங்க லிமிட் இல்லை' என்பது இப்போது செல்லாது, எண் போடாத ஜீரோ எஃப்ஐஆர் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்புவது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி கடமை. புகாரில் முன்பணத் தொகை, கொடுத்தவர் பெயர், போன தேதி, கடைசியாகப் பேசிய எண், அனுப்பிய இருப்பிடக் குறிப்பு எல்லாம் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் வைத்துக்கொள்ளாமல், அது இருக்கும் கைபேசியையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நீதிமன்றம் மூலக் கருவியைக் கேட்கும்.

வெளிநாடு என்றால் பாஸ்போர்ட் நகல், டிக்கெட், ஏஜென்ட்டுக்குப் பணம் போன வங்கிப் பதிவு ஆகியவற்றோடு அந்நாட்டு இந்தியத் தூதரகத்துக்கும் அயலகத் தமிழர் நலத்துறைக்கும் ஒரே நாளில் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். ஏஜென்ட் மீது குடிபெயர்வுச் சட்டத்தில் வழக்குத் தொடர மத்திய அரசின் முன்அனுமதி வேண்டும் என்று சொல்லி ஸ்டேஷனில் திருப்பி அனுப்புவதுண்டு. பாதிக்கப்பட்டவரோ, அவர் சார்பில் தாய், தந்தை, கணவன், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்களோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை என்று அதே 27-வது பிரிவு சொல்கிறது. ஆகவே புகாரில் கையெழுத்துப் போடுபவர் நண்பரோ வார்டு கவுன்சிலரோ அல்லாமல், இந்த உறவினர்களில் ஒருவராக இருக்கட்டும்.